ஃப்ளாப்பில் எத்தனை முறை கட்டுவது: மூன்று மாதக் குறிப்பு

ஃப்ளாப்புக்கு (மேசையில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் திறக்கப்படும் மூன்று சீட்டுகளுக்கு) முன் பந்தயத் தொகையை ஏற்றியவரே ஃப்ளாப் விழுந்த பின்னும் பந்தயம் கட்டுவதைப் போக்கரில் கன்டினுவேஷன் பெட், சுருக்கமாக சி-பெட், என்கிறோம். பணம் வைக்காமல் சில்லுகளை மட்டும் வைத்து நண்பர்களோடு ஆடும் சனிக்கிழமை ஆட்டத்தில் இதை நான் நெடுநாள் யோசிக்காமலேயே செய்து வந்தேன். ஏற்றியவன் நான், ஆகவே கட்டுபவனும் நானே என்பதுதான் என் கணக்கு.

அந்தக் கணக்கு முழுக்கத் தவறுமில்லை. கையில் உள்ள ஜோடியில்லாத இரு சீட்டுகளுக்கு ஃப்ளாப்பில் ஒரு ஜோடியாவது அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 32 சதவீதமே. நடுவில் 60 சில்லுகள் இருக்கும்போது 20 கட்டினால், நான்கில் ஒரு முறை எதிராளி சீட்டைப் போட்டு விலகிவிட்டாலே கைக்கு நட்டமில்லை. 40 கட்டினால் ஐந்தில் இரண்டு முறை போட்டாக வேண்டும்.

ஆனாலும் முதல் மாத முடிவில் குறிப்பேட்டைப் புரட்டியபோது, என் சில்லுகள் கரைந்த இடம் நான்காம் பொதுச் சீட்டான டர்ன் என்று தெரிந்தது. பிக் பிளைண்டில் (சீட்டு பார்க்கும் முன்பே பெரிய கட்டாயப் பந்தயத்தை வைக்கும் இடத்தில்) அமரும் நண்பர் ஃப்ளாப்பில் பேசாமல் கால் செய்துவிட்டு (நான் கட்டிய அளவைத் தாமும் வைத்துவிட்டு), டர்னில் நான் செக் சொன்னதும் (கட்டாமல் விட்டதும்), கடைசிப் பொதுச் சீட்டான ரிவரில் தாமே கட்டி எடுத்துக்கொண்டிருந்தார். நல்ல கை இருந்தால் மட்டுமே இரண்டாம் முறை கட்டுவேன் என்பதை அவர் எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்.

இரண்டாம் மாதம் கட்டுவதற்கு முன், இந்த மூன்று சீட்டுகள் யாருக்குச் சாதகம் என்று கேட்டுக்கொள்ளப் பழகினேன். ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாகப் பேசும் இடமான பட்டனிலிருந்து நான் ஏற்ற, பிக் பிளைண்ட் கால் மட்டும் செய்து, ராஜா-7-2 மூன்று வெவ்வேறு இனங்களில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரட்டை ஆஸ், இரட்டை ராஜா, ஆஸ்-ராஜா ஆகியவை அவரிடம் இருந்திருந்தால் பெரும்பாலும் முன்பே மறு ஏற்றம் செய்திருப்பார். என்னிடமோ அவை அனைத்தும் இருக்கக்கூடும். இங்கே ஏறக்குறைய எல்லாக் கைகளோடும் நடுவில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு கட்டுகிறேன். மாறாக 9-8-7 விழுந்து இரண்டு சீட்டுகள் ஒரே இனமாக இருந்தால், ஜாக்கி-10, 6-5, 8-7 போன்ற கைகளை அவரே அதிகம் வைத்திருப்பார். அங்கே பாதிக்கும் குறைவான முறைகளே கட்டுகிறேன். கட்டினால் மூன்றில் இரண்டு பங்காவது வைக்கிறேன். ஆஸ்-ராணி கையில் இருந்தும் அப்படிப்பட்ட ஃப்ளாப்பில் செக் சொல்வது தொடக்கத்தில் கோழைத்தனமாகவே பட்டது.

செக் சொல்லத் தொடங்கியதும் வேறொரு ஓட்டை தெரிந்தது. வெறுங்கையோடு மட்டுமே செக் சொன்னதால், நண்பர் டர்னில் தயங்காமல் கட்டினார். இப்போது நடுத்தர ஜோடிகளையும், எப்போதாவது பெரிய கையையும் செக்கில் சேர்க்கிறேன். மூன்று பேர் ஃப்ளாப் பார்க்கும் ஆட்டத்தில் வெறுங்கை சி-பெட்டை அநேகமாக விட்டேவிட்டேன். இருவரும் சேர்ந்து சீட்டைப் போட வேண்டும் என்பதால் அதில் யோசிக்க அதிகமில்லை.

ராணி-ராணி-5 போல மேசையிலேயே ஜோடி விழும்போது சிறிதாக அடிக்கடி கட்டிப் பார்க்கிறேன். நான் முதலில் பேச வேண்டிய இடத்தில் அமர்ந்திருக்கும்போது அதே அளவில் அதே போல அடிக்கடி கட்டுவது பொருந்துமா என்பதற்கு இந்த மாதம் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். அதில் இதுவரை பதினோரு கைகள்தான் ஏறியிருக்கின்றன.