ஒரு 'வ' போன கதை

தான்சானியாவுக்கு ஊழியப் பயணம் என்று எங்கள் சர்ச் சேகரத்தில் அறிவிப்பு வந்ததும் முதலில் பெயர் கொடுத்தவள் நான்தான். குழந்தைகள் வார்டில் 26 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாகக் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவள். என் அதட்டலுக்கு டாக்டர்களே ஒதுங்குவார்கள். கிராமத்துத் தாய்மாருக்கு வயிற்றுப்போக்கு பற்றியும் கை கழுவுவது பற்றியும் சொல்லிக்கொடுப்பது என்ன பெரிய காரியம்? பெட்டியில் பாதி ஓஆர்எஸ் பாக்கெட், மீதி நார்த்தங்காய் ஊறுகாய் என்று கிளம்பிவிட்டேன்.

நாங்கள் போன கிராமம் விக்டோரியா ஏரிப் பக்கம், முவான்சா நகரத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். அங்கே வயதில் மூத்தவர்களைப் பார்த்தால் 'ஷிகாமோ' என்று வணக்கம் சொல்வார்கள். மூத்தவர் 'மரஹபா' என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். என் நரைக்கு அது சரி. என்னோடு வந்த பெண்கள் ஐக்கிய சங்கத்துக் காரியதரிசி அக்காவோ, புறப்படும் முந்தின நாள்தான் தலைக்குச் சாயம் அடித்திருந்தார். வேனிலிருந்து இறங்கிய பத்தாவது நிமிஷம், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நேராக அவரிடம் வந்து 'ஷிகாமோ' சொல்லிவிட்டாள். அன்று முழுக்க அக்கா கண்ணாடியும் கையுமாகத்தான் இருந்தார்.

முதல் வகுப்பு மறுநாள் ஊர்க் கோயிலில், அதாவது சர்ச்சில், 'ஸா டாட்டு' என்றார்கள். விமானத்தில் அந்த ஊர்ப் பாஷையான சுவாஹிலியில் ஒன்று முதல் பத்து வரை மனப்பாடம் செய்திருந்தோமே! ஸா என்றால் மணி, டாட்டு என்றால் மூன்று. மத்தியானம் மூன்று மணிதானே என்று காலையில் ஆற அமரத் துணி துவைக்க உட்கார்ந்தோம். ஒன்பது மணிக்கு நான் நைட்டியும் தலையில் துண்டுமாக வாளி முன்னால் குந்தியிருந்தபோது பாட்டுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் கோயில் நிறையத் தாய்மார். சுவாஹிலியில் மணியை விடியலிலிருந்து எண்ணுவார்களாம். நமக்குக் காலை ஏழு என்றால் அவர்களுக்கு ஒன்று. ஒன்பது என்றால் மூன்று. பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலுள்ள ஊர் என்பதால் வருஷம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதிக்கிறது, கணக்குப் பிசகுவதில்லை. வெட்கக்கேடு என்னவென்றால், பைபிளில் பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு சொன்ன 'மூன்றாம் மணி வேளை' காலை ஒன்பது மணிதான் என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்.

ஈரத்தலையோடு வகுப்பைத் தொடங்கினேன். 1971-ல் வங்காள எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியதையும், டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவை நான்குக்கும் கீழே கொண்டுவந்ததையும் ஐந்து நிமிஷம் உருகி உருகிச் சொன்னேன். மொழிபெயர்த்த உள்ளூர்த் தம்பி நாலே சொல்லில் முடித்துவிட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். சரி, முக்கியமான வரியை நாமே அவர்கள் பாஷையில் சொல்லிவிடுவோம் என்று நோட்டைப் பிரித்தேன்.

'பிள்ளை நிறையத் தண்ணீர் குடிக்கட்டும்' என்பதற்கு 'ம்டோடோ அன்யுவே மாஜி மெங்கி' என்று முந்தின இரவு தம்பிதான் சொல்லித்தந்திருந்தார். நான் அதைத் தமிழில் எழுதி வைத்திருந்தேன். 'ய'வையும் 'வ'வையும் எப்படி ஒட்டவைப்பது என்று தெரியாமல், பரவாயில்லை என்று 'அன்யே' என்று எழுதியதுதான் வினை.

"ம்டோடோ அன்யே மாஜி மெங்கி!"

கோயிலில் ஊசி விழுந்தால் கேட்கும். சரியாகக் காதில் விழவில்லை போல என்று வார்டுக் குரலில் இன்னொரு முறை சொன்னேன். அதோடு விட்டேனா? "எல்லாரும் என்னோடு சேர்ந்து சொல்லுங்கள்" என்று கையால் வேறு தாளம் போட்டேன். முன் வரிசைப் பாட்டி, கங்கா என்று அங்கே பெண்கள் போர்த்திக்கொள்ளும் துணியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அப்புறம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரிக்க, கைக்குழந்தைகள் எல்லாம் மிரண்டு அழ ஆரம்பித்தன. தம்பி கூரையில் ஓடுகிற பல்லியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயத்தை அவர் என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு எங்கள் மருந்தாளுநரிடம் சொல்ல, அவர் காரியதரிசி அக்காவிடம் சொல்ல, அக்கா சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார். அந்த 'வ' இல்லாவிட்டால் அது வேறு வினைச்சொல்லாம். 'பிள்ளை தண்ணி தண்ணியாக நிறைய வெளிக்கிருக்கட்டும்' என்று, வயிற்றுப்போக்குக்கு வைத்தியம் சொல்லித்தர வந்த நான், கோயிலில் வைத்து எல்லாரையும் சேர்ந்து சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா இரவெல்லாம் சிரித்தார். மறுநாள் கொசுவலை பற்றி அவர் வகுப்பு. கொசுவுக்கு 'ம்பு', நாய்க்கு 'ம்ப்வா'. நாய்க்கடியால்தான் மலேரியா வருகிறது, ராத்திரி நாய் உள்ளே நுழையாமல் வலையை மெத்தைக்கு அடியில் நன்றாகச் சொருக வேண்டும் என்று அழகாக விளக்கினார். கர்த்தர் நீதியுள்ளவர்.

கை கழுவும் படம் போட்ட அட்டைகளை வெளியே எடுக்கவேயில்லை. கோயில் கழிப்பறைக்கு வெளியே மஞ்சள் கேன் ஒன்று கம்பில் தொங்கியது. காலால் ஒரு குச்சியை மிதித்தால் கேன் சாய்ந்து தண்ணீர் ஊற்றும். குழாயைத் தொட வேண்டிய வேலையே இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நம் களி மாதிரி உகாலியும், நெத்திலிக் கருவாட்டுக்குத் தங்கச்சி போன்ற டகா மீனும். வீட்டுக்காரப் பெண் செம்பும் தாம்பாளமுமாக ஒவ்வொருவர் கைக்கும் தண்ணீர் ஊற்ற வந்தபோது, எங்கள் மருந்தாளுநர் ஏற்கெனவே உகாலிக்குள் விரலை விட்டிருந்தார்.

புறப்படும் நாள் வேன் ஜன்னலருகே அந்த முன் வரிசைப் பாட்டி வந்தார். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்று விரல் விட்டு ஒப்பித்தார். எல்லாம் சரி. கடைசியில் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி 'அன்யே!' என்றார். வேன் மொத்தமும் ஆடிற்று.

ஊர் திரும்பிய ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். போதகர் ஐயர் மைக்கை நீட்டி, "அந்தப் பாஷையில் ஏதாவது ஒரு வரி சொல்லுங்களேன்மா" என்றார். காரியதரிசி அக்கா முன் பெஞ்சில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு காத்திருந்தார். 'அசாந்தே', அதாவது நன்றி, என்று ஒரே சொல்லோடு இறங்கிவிட்டேன். அதில் 'வ' கிடையாது.