தடிக்க மறுக்கும் எழுத்து

ஜூன் 9

லிப்ரெஆபிஸ் ரைட்டர் என்ற சொற்செயலியில், 'கலைச்சொல்' என்ற எழுத்துப் பாணியில் (எழுத்தின் தோற்றத்தைப் பெயரிட்டுச் சேமித்து வைக்கும் அமைப்பு) போல்டைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தேன். ஆங்கிலச் சொற்கள் உடனே தடித்தன. தமிழ்ச் சொற்கள் அசைந்துகூடக் கொடுக்கவில்லை.

ஜூன் 10

இன்றும் அப்படியே. பதிப்பகத்திலிருந்து அழைப்பு வந்தது, எடுக்கவில்லை.

ஜூன் 11

காரணம் பிடிபட்டது. லிப்ரெஆபிஸ் ரைட்டர் ஒவ்வொரு பாணிக்குள்ளும் மேற்கத்திய மொழிகளுக்கு ஒன்று, சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றுக்கு ஒன்று, தமிழ், இந்தி, அரபு போன்ற சிக்கலான எழுத்தமைப்புகளுக்கு ஒன்று என மூன்று எழுத்துருக்களைத் தனித்தனியே வைத்திருக்கிறது. தடிமன், சாய்வு, அளவு ஆகியவையும் அந்தந்தப் பிரிவுக்கே உரியவை. ஆகவே மேற்கத்தியப் பிரிவில் போல்டைக் கொடுத்துவிட்டுத் தமிழ் தடிக்கவில்லையே என்று காத்திருப்பதில் பயனில்லை. சீன, ஜப்பானிய, கொரியப் பிரிவுக்கு இட்டிருக்கும் 'ஆசிய' என்ற பெயரைப் பார்த்துத் தமிழை அங்கே தேடுபவரை யார் குறைசொல்ல முடியும்? டூல்ஸ் பட்டியலின் ஆப்ஷன்ஸில், மொழி அமைப்புகளில், சிக்கலான எழுத்தமைப்புக்கான பெட்டியைக் குறியிட்ட பிறகே தமிழுக்குரிய பிரிவு கண்ணில் பட்டது. ஆங்கிலம் 12 புள்ளி அளவிலும் தமிழ் 10 புள்ளி அளவிலும் நின்றதற்கும் இதுவே விளக்கம்.

ஜூன் 12

ஆண்டு எண்கள் உறக்கத்தைக் கெடுக்கின்றன. எண்ணுக்கென்று சொந்த எழுத்தமைப்பு இல்லாததால், தனக்கு முன்னால் எது இருக்கிறதோ அதன் பக்கம் சாய்ந்துகொள்கிறது: தமிழ்ச் சொல்லுக்குப் பின் வரும் 1956 தமிழ் எழுத்துருவில் நிற்கிறது, ஆங்கிலச் சுருக்கப் பெயருக்குப் பின் வரும் 1956 ஆங்கில எழுத்துருவில் சற்றே உயரமாக நிற்கிறது. ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக.

ஜூன் 14

மூன்றாம் அத்தியாயம் எந்தப் பாணிக்கும் கட்டுப்பட மறுக்கிறது. பத்திப் பாணியின் மீது எழுத்துப் பாணியும், அதன் மீது கையால் நேரடியாகக் கொடுத்த வடிவமும் அமர்கின்றன. மேலே இருப்பதே வெல்லும். இணையத்திலிருந்து ஒட்டிய பகுதிகளில் அந்த மேலடுக்கு நிரம்பிக் கிடக்கும்போது, கீழே பாணியை எத்தனை திருத்தினாலும் என்ன மாறும்? 7.6 பதிப்பில் வந்த வசதியொன்று, பாணி பெற்ற இடங்களையும் நேரடி வடிவம் பெற்ற எழுத்துகளையும் பக்கத்திலேயே அடையாளமிட்டுக் காட்டுகிறது. போட்டுப் பார்த்தேன், அத்தியாயம் முழுவதும் அடையாளங்கள்.

ஜூன் 15

முழுக் கோப்பையும் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல், எம் விசைகளை அழுத்தினால் நேரடி வடிவம் அனைத்தும் நீங்கிவிடும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் நூற்பெயர்களைக் கையால் சாய்த்து வைத்திருக்கும் கையெழுத்துப்படியில் அந்தச் சாய்வும் சேர்ந்து போய்விடும் என்பதை அவர் எழுதவில்லை. கெடுவுக்கு முந்தைய இரவில் கிடைக்கும் இத்தகைய அறிவுரைகளை நான் நம்புவதில்லை. பத்தி பத்தியாகவே போகிறேன்.

ஜூன் 16

எண்கள். மறுபடியும் அதே எண்கள்.

ஜூன் 17

பதிப்பகத்தார் மைக்ரோசாப்ட் வேர்டின் டாக்எக்ஸ் கோப்பாகக் கேட்கிறார்கள். அந்தக் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. பிரித்து, பாணிகளைக் குறிகளால் எழுதிவைத்திருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பைப் படித்தேன். அங்கும் தடிமனுக்கு 'பி', 'பிசிஎஸ்' என்று இரண்டு குறிகள். பின்னதே சிக்கலான எழுத்தமைப்புக்கு உரியது. அளவும் அவ்வாறே இரண்டு, அதுவும் அரைப்புள்ளிக் கணக்கில்: 12 புள்ளி எழுத்துக்கு 24. 'கலைச்சொல்' பாணியில் இரண்டு குறிகளும் இருந்தன. 'மேற்கோள்' பாணியில் 'பி' மட்டுமே இருக்கிறது.

ஜூன் 18

'மேற்கோள்' சரியாயிற்று. அடிக்குறிப்புகளை இன்னும் திறக்கவில்லை.