சர்ச்சிலின் குரல்

அரசியல் பேச்சுக்கலை, நவீன வரலாறு என்று ஒரு குறுகிய காலப் படிப்புக்காக லண்டன் வந்திருக்கிறேன். வகுப்பறையில் உட்கார்ந்த நேரத்தைவிட நாடாளுமன்றம் இருக்கிற வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் நடந்த நேரம்தான் அதிகம். கால் வலி தனிக்கதை.

"கடற்கரைகளில் போரிடுவோம்" என்ற, இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் உரை 1940 ஜூன் 4 அன்று நாடாளுமன்றத்தில் பேசப்பட்டது. நாடாளுமன்றப் பேச்சுகளை வானொலியில் ஒலிபரப்புவதே அன்றைக்குக் கிடையாது. இரவுச் செய்தியில் பிபிசி அறிவிப்பாளர்தான் சில பகுதிகளை வாசித்தார். நாம் யூடியூபில் கேட்டுச் சிலிர்க்கிற குரல், 1949இல் அவர் தன் வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்தது!

அவருடைய தட்டச்சுக் குறிப்பின் நகலையும் காட்டினார்கள். பத்தியே இல்லை. எங்கே மூச்சு விடணுமோ அங்கே வரி உடைகிறது; அடுத்த வரி இன்னும் உள்ளே தள்ளித் தொடங்குகிறது. பார்த்தால் புதுக்கவிதை மாதிரியே இருக்கிறது.

அப்புறம் அந்த நாடாளுமன்ற அவைக்கூடம். 1941 குண்டுவீச்சில் நொறுங்கியதைத் திரும்பக் கட்டும்போது, எல்லோருக்கும் இடம் இருக்கக் கூடாது என்று வாதாடியவரும் சர்ச்சில்தான். இன்றும் 650 உறுப்பினர்களுக்கு 427 இருக்கைகள். கூட்டம் நெருக்கினால்தான் பேச்சில் சூடு வருமாம். எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

சர்ச்சில் பிரதமராக இருந்தபோது வந்த 1943 வங்கப் பஞ்சம் மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை. லட்சக்கணக்கானோர் செத்த விஷயம். கேட்டேன். ஆசிரியர் தட்டிக்கழிக்கவில்லை, அடுத்த வகுப்பில் என்னையே பேசச் சொல்லிவிட்டார். இப்போது நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.