சாணும் முழமும்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கும் எங்கள் பட்டறையில் கேற்றும் கிறில்லும் செய்வதே பிரதான வேலை. நாகம் (துத்தநாகம்) பூசிய குழாய்களை வெல்டிங் செய்த நாட்களில் இரவானதும் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்து மறுநாளே விட்டுவிடுவதை, நாங்கள் நெடுங்காலம் தடிமன் காய்ச்சல் என்றே எண்ணியிருந்தோம். அது நாகப் புகையின் வேலை. 2017இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வெல்டிங் புகையையே புற்றுநோய்க் காரணிகளின் முதலாம் தொகுதியில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றில், சேர்த்தது என்பதை அறிந்த பிறகுதான், மேசைக்கு மேல் மடங்கி நீளும் உறிஞ்சுகுழாய் ஒன்றைப் பொருத்தத் துணிந்தேன்.

வாங்கப் போகிறவர் எவரும் முதலில் மோட்டரின் குதிரைவலுவைத்தான் கேட்பார். நானும் அதைத்தான் கேட்டேன். உண்மையில் கேட்க வேண்டியது, குழாயின் வாய் பொறி பறக்கும் இடத்துக்கு எவ்வளவு கிட்ட வரும் என்பதே. புகையைப் பிடிக்க அந்த இடத்தில் காற்று வினாடிக்கு அரை மீற்றராவது நகர வேண்டும். வாய் 20 சென்ரிமீற்றர் தூரத்தில், அதாவது ஏறக்குறைய ஒரு சாணில் இருந்தால், அதற்கு மணிக்குச் சுமார் 750 கன மீற்றர் காற்றை இழுத்தால் போதும். அதையே 40 சென்ரிமீற்றருக்கு, முழத்துக்குச் சற்றுக் குறைவாக, தள்ளி வைத்தால் ஏறத்தாழ 2900 கன மீற்றர் வேண்டும். தூரம் இரட்டித்தால் தேவை கிட்டத்தட்ட நான்கு மடங்காகிறது. 160 மில்லிமீற்றர்க் குழாயில் மணிக்கு 1000 கன மீற்றர் சென்றாலே உள்ளே காற்று வினாடிக்கு 14 மீற்றர் வேகத்தில் ஓடும் என்பதால், முழத் தூரத்தின் குறையை மோட்டரால் ஈடுசெய்ய நினைப்பது வீண் செலவும் இரைச்சலுமே.

ஆகவே நீளமும் மூட்டுகளுமே முக்கியம். குழாயைத் தாங்கி மடங்கி நீளும் பகுதியைக் கை என்போம். சுவரில் பொருத்திய 2 மீற்றர்க் கை எங்கள் மேசையின் நடுவைத் தாண்டாததால் 3 மீற்றர்க் கையை எடுத்தோம். அதன் சட்டம் குழாய்க்கு வெளியே இருக்கிறது. காற்றோட்டத்துக்குத் தடையில்லை, மூட்டுத் திருகாணிகளை இறுக்குவதும் எளிது. வைத்த இடத்தில் நில்லாமல் மெல்லத் தாழும் கையை எந்த வேலையாளும் இரண்டு நாளுக்கு மேல் தொடமாட்டார். எங்கள் உப்புக்காற்றில் கையைத் தாங்கும் சுருள்வில் துருப்பிடிப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வாயைப் பக்கவாட்டில், சற்று மேலே வைக்கிறோம். வேலையாளின் முகம் புகைக்கும் வாய்க்கும் இடையில் வரக்கூடாது. ஒட்டைக் காக்க வாயு பாய்ச்சிச் செய்யும் மிக் வெல்டிங்கில் அளவு மீறி நெருங்கினால் அந்தக் காப்பு வாயுவும் இழுபட்டு, ஒட்டில் ஊசித்துளைகள் விழும். முதுகுக்குப் பின்னால் சுழன்று புகையைக் கலைக்கும் மின்விசிறியை நிறுத்தச் சொன்னபோது எழுந்த எதிர்ப்பு தனிக்கதை.

தொடக்கத்தில் இழுவை மந்தமாகவே இருந்தது. மும்முனை மின்சார வயர்கள் இரண்டு மாறியிருந்ததால் விசிறி எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருந்தது. இந்த மையவிலக்கு வகை விசிறி அப்படிச் சுற்றினாலும் கொஞ்சம் இழுக்கும் என்பதால் ஒரு கிழமை எவருக்கும் ஐயம் எழவில்லை. வெளிப்போக்கியைத் தென்மேற்குப் பார்த்து வைத்தது என் பிழை. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று எழும்பினால் புகை திரும்பி உள்ளே வருகிறது. அடுத்த வைகாசிக்கு முன் அதைக் கூரை முகட்டுக்கு மேலே உயர்த்த வேண்டும்.