கல்லாப் பெட்டிக்கு அருகில் லெந்து காலம்

மார்ச் 5, 2025, சாம்பல் புதன், காரைக்குடி

காலை ஆராதனையில் யோவானின் முதலாம் நிருபம் வாசிக்கப்பட்டது. "உலகத்திலும் உலகத்திலுள்ளவைகளிலும் அன்புகூராதிருங்கள்" என்ற வசனத்தைக் கேட்டுவிட்டு நேரே நகைக்கடைக்குப் போய், பவுன் 64,000 ரூபாயைத் தாண்டி நிற்கும் அன்றைய விலையைப் பலகையில் எழுதிவிட்டுக் கணக்கேட்டின் முன் அமர்வது என் பிழைப்பு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களுக்காக மனைவி கறி மீனை நிறுத்தினாள். மகள் கைப்பேசியில் படம் பார்ப்பதை நிறுத்தினாள். நான் எதையும் விடவில்லை. மாம்சத்தின் இச்சை, கண்களின் இச்சை, ஜீவனத்தின் பெருமை என்று யோவான் பிரித்துக் காட்டும் மூன்றும் எங்கே எப்படித் தலைகாட்டுகின்றன என்பதைக் கவனித்து எழுதுவதாக மட்டும் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

தேவகோட்டையிலிருந்து மைத்துனி வந்திருந்தாள். அவளுடைய சபையில் ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் நகைகளைக் கழற்றிவிடுவார்கள். பேதுருவும் பவுலும் பெண்களின் அலங்காரத்தைப் பற்றி எழுதியவற்றை அவர்கள் எழுத்துப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு எத்தனை பவுன் என்ற கேள்வியோடுதான் கல்யாணப் பேச்சே தொடங்கும் இந்த ஊர்ப்பக்கத்தில், வெறுங்கழுத்தோடு விசேஷ வீட்டுக்குள் நுழைவதற்கு நெஞ்சுரம் வேண்டும். அதற்காக அவளை மதிக்கிறேன். ஆனால் சாப்பாடு முடிந்தபின் ஒரு மணி நேரம் அவள் பேசியதெல்லாம் மகனுடைய சம்பளத்தைப் பற்றியும், புறவழிச்சாலை ஓரத்தில் வாங்கிப்போட்ட மனைகளைப் பற்றியும்தான். கழுத்திலிருந்து இறங்கிய உலகம் நாவில் ஏறிக்கொண்டது. எங்கள் சபையும் இதற்கு விலக்கன்று. மின்விசிறியின் இறக்கையில்கூட அன்பளித்தவர் பெயரை எழுதி, அது சுழலும்போது படிக்க முடியாமல் போவதுதான் எங்களுக்கிருக்கும் ஒரே அடக்கம்.

மார்ச் 16, ஞாயிறு

வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் கானாடுகாத்தான் மாளிகைகளைப் பார்த்துவிட்டு வந்து, பூட்டிக் கிடக்கும் அந்த வீடுகளே உலக ஆசையின் முடிவுக்குச் சாட்சி என்று பேசினார். செட்டிநாட்டுக்கு வரும் எந்தப் பிரசங்கியாருக்கும் எளிதில் கிடைக்கும் பிரசங்கம் அது, எனக்கு உடன்பாடில்லை. பர்மாவில் தொழில் செய்த நகரத்தார் பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் கொண்டு கட்டிய வீடுகள் வெறுமையானதற்கு, 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும், பின்னர் 1960-களில் அந்நாட்டு அரசு வங்கிகளையும் வணிகத்தையும் நாட்டுடைமையாக்கியதும் பெரிய காரணங்கள். அடுத்தவர் வீட்டு நஷ்டத்தைத் தேவனுடைய தீர்ப்பென்று படிப்பது, நம் வீட்டு ஆசையைப் பாராமல் இருப்பதற்கு நல்ல வழி. அதே நகரத்தார் மரபில் வந்த அழகப்பச் செட்டியார், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். அது 1953-இல் திறக்கப்பட்டது. அவர் நம் வேதத்தை ஏற்றவர் அல்லர். இருந்தும் பொருளைக் கைதளர்த்தி விடும் வித்தையில், ஞாயிறுதோறும் அதைப் பற்றிக் கேட்கிற நம்மைவிட அவர் வெகுதூரம் முன்னே போயிருந்தார்.

மார்ச் 27, வியாழன்

ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை. எழுத நேரமில்லை.

ஏப்ரல் 5, சனி

கத்தோலிக்க நண்பரோடு ஓரியூருக்குப் போய்வந்தேன். 1693 பிப்ரவரி 4-ஆம் நாள், போர்த்துக்கீசிய யேசுசபைக் குருவான அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) வெட்டுண்ட இடம் அது. லிஸ்பனில் உயர்குடியில் பிறந்து, இளவரசர் பெத்ருவோடு அரண்மனையில் வளர்ந்தவர், காவி உடுத்திய பண்டாரசுவாமியாக, இந்நாட்டுத் துறவிகளின் கோலத்தில், இராமநாதபுரத்து மறவர் சீமையில் நடந்தார். என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது அவருடைய சாவைக் காட்டிலும் அதற்கு முன் நடந்த ஒன்று. சிறையும் சித்திரவதையும் கண்டபின் அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டபோது, அரசராகியிருந்த அதே பெத்ரு அவரைத் தம்மோடு இருத்திக்கொள்ள விரும்பினார். அதை ஏற்றிருந்தால் யாரும் பாவமென்று சொல்லியிருக்க மாட்டார்கள். அரண்மனையில் இருந்தபடியே ஊழியத்துக்கு உதவலாம் என்று பக்தியுள்ள காரணமும் சொல்லியிருக்கலாம். அவர் 1690-இல் திரும்பி வந்துவிட்டார். உலகத்தை விட்டு ஓடியவர் என்று அவரைச் சொல்ல முடியாது, ஏனெனில் அந்தச் சீமையை ஆண்ட சேதுபதியின் உறவுகளும் பகைகளும் பின்னிக் கிடந்த ஓர் உலகத்துக்குள்தான் அவர் வந்தார். அவர் விட்டது அரசர் தரும் மதிப்பை. சீடர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம், தீமையினின்று காத்தருளும் என்று கர்த்தர் பிதாவிடம் வேண்டிக்கொண்டதை இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 12, சனி

பவுன் விலை 70,000 ரூபாயைக் கடந்தது. கூட்டம் குறையவில்லை. நாளை இன்னும் ஏறிவிடுமோ என்ற பயம் ஆசையைக் காட்டிலும் வேகமாக மனிதரைக் கடைக்குள் தள்ளுகிறது. உலகக் கவலைகளையும் ஐசுவரியத்தின் மயக்கத்தையும் கர்த்தர் விதைக்கிறவன் உவமையில் ஒரே மூச்சில் சொன்னது ஏன் என்று இன்று தெரிந்தது. இரவில் தேமாவைப் பற்றிப் படித்தேன். பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தில் அவன் பவுலின் உடன்வேலையாள். கொலோசெயரில் வெறும் பெயர். தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்துத் தெசலோனிக்கேக்குப் போய்விட்டவன். அங்கே அவன் என்ன செய்தான் என்று வேதம் சொல்லவில்லை. களியாட்டத்துக்குத்தான் போனான் என்று எண்ண வேண்டியதில்லை. என்னைப் போல ஒரு கடையில் ஒழுங்காகக் கணக்கெழுதிக்கொண்டும் இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். மகளின் திருமணத்தை மாளிகை விடுதியில் வைத்தால் "நம்ம ரெண்டு குடும்பத்துக்கும் கௌரவமா இருக்கும், சம்பந்தி" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார். நல்ல மனிதர்; நகையென்று ஒரு சொல் கேட்கவில்லை. கௌரவத்தை மட்டும் கேட்டார். ஆலயத்திலேயே திருமணம், ஆலய வளாகத்திலேயே விருந்து, கடன் வாங்கமாட்டேன் என்று சொன்னேன். அவர் முகம் சற்றே சுருங்கியது. மகள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "மாமா, எனக்கும் அதுதான் விருப்பம்" என்றாள். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாக எழுந்து போனார்கள். பதில் ஈஸ்டருக்குப் பின் வரும்.