மகளிர் தின ரீல்ஸில் வராத விடுதலைப் பத்திரம்

மார்ச் 8 நெருங்கினால் குமரி மாவட்டத்து இன்ஸ்டா பக்கங்களெல்லாம் ஒரே முகமாகிவிடும். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் தலைநிமிர்ந்து நடக்கும் பெண், முட்டம் பாறையில் கைவிரித்து நிற்கும் பெண், பின்னால் ஒரு வீரப்பாட்டு. பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டமும் அந்த உரிமையைத் தந்த 1859 அரச அறிவிப்பும் தவறாமல் வரும். வரட்டும், நம் பெருமைதான். ஆனால் இங்கே படித்த, சம்பாதிக்கிற பெண்கூடத் தோற்றுப்போகும் இடம் சார்பதிவாளர் அலுவலகம். அதைப் பேசும் ரீல்ஸைத் தேடத்தான் வேண்டும்.

கல்யாணத்துக்குப் பவுன் போட்டாயிற்று. "உனக்குள்ளதைச் செய்தாச்சு மக்களே, அண்ணனுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு" என்பார்கள். நீட்டுவது விடுதலைப் பத்திரம், அதாவது சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம். "எனக்கோ என் வாரிசுகளுக்கோ இனி யாதொரு பாத்தியமும் இல்லை" என்ற வரி அதில் இருக்கும். முகம் முறிய மனமில்லாமல் வாசிக்காமலே போடுகிறார்கள்.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. குமரி திருவிதாங்கூரில் இருந்த காலத்து 1916-இன் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, சில பிரிவினர் நீங்கலாக, மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. ஸ்ரீதனம் கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது. இதை எதிர்த்து மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதலே செல்லாது என்றது. உயில் எழுதாமல் தந்தை இறந்தால் கிறிஸ்தவ மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. இந்துக் குடும்பங்களில் 2005 திருத்தத்துக்குப் பின் பூர்வீகச் சொத்தில் மகளும் பிறப்பால் பங்காளி. திருத்தம் வந்த அன்றைக்குத் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் தீர்ப்பும் வந்துவிட்டது. சட்டம் மாறியும் வீட்டுப் பேச்சு 1916-லேயே நிற்கிறது.

கையெழுத்துக்கு முன் முதலில் சொத்து யாருடையது என்று பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால், சொத்தில் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைக் காசில்லாமல் பார்க்கலாம். தந்தை உயிரோடிருக்க, அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் 'வருங்காலப் பங்கை' மகள் விட்டுக்கொடுப்பது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி செல்லாது. ஆனால் "இத்தனை பவுன் பெற்றுக்கொண்டு விடுதலை செய்கிறேன்" என்று எழுதியிருந்தால், பிரதிபலன் வாங்கியவர் பிறகு பங்கு கேட்க முடியாது என்று நீதிமன்றம் தடுக்க இடமுண்டு. ஆகவே பவுன் கணக்கு வரும் வரியைத்தான் முதலில் வாசிக்க வேண்டும். நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து, உங்களுக்கென்று ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அண்ணன் கூட்டிவந்த பத்திர எழுத்தர் போதாது. விட்டுக்கொடுக்க முடிவு செய்தாலும், எத்தனை சென்ட், இன்றைய விலை என்ன என்று தெரிந்தபின் கொடுங்கள்.

போட்ட பவுனுக்கும் இதே கவனம் தேவை. அதை விற்று வீடு கட்டுவார்கள். மனையோ மாமனார் பேரில் இருக்கும். நகை பில் உங்கள் பேரில் இருக்கட்டும். விற்ற பணம் உங்கள் வங்கிக் கணக்கு வழியாகவே போகட்டும். மனைப் பத்திரத்தில் உங்கள் பெயரும் ஏறிய பிறகு அஸ்திவாரம் தோண்டலாம். 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பேரில் வாங்கிப் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் பதிவுக்கட்டணத்தில் 1% குறைவு என்பதையும் வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.