ஒரே மாதத் தேர்வு, மூன்று எண்ணிக்கைகள்: பவர் பிஐயில் செய்து பார்த்தது

தரவை அறிக்கையாகக் காட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளான பவர் பிஐயில், புகார்ப் பதிவேடு ஒன்றுக்காகச் செய்த அறிக்கை இது. ஸ்லைசரில் (அறிக்கையை வடிகட்டும் தேர்வுப் பெட்டி) மாதத்தைத் தொட்டால் அந்த மாதம் வந்தவை, முடிந்தவை, மாதக் கடைசியில் நிலுவையில் நின்றவை என மூன்று எண்கள் தெரிய வேண்டும். முதல் எண் உடனே வந்துவிட்டது. மற்ற இரண்டும்தான் வேலை வாங்கின.

ஜனவரி 28-ல் பதிவாகி பிப்ரவரி 3-ல் முடிந்த ஒரு புகாரைப் பாருங்கள். ஸ்லைசரின் மாதம் பதிவுத் தேதியிலிருந்து வந்தால், பிப்ரவரியைத் தேர்ந்ததுமே இந்த வரி வெளியே போய்விடும். முடிந்தவற்றில் அது சேராது. அதனால் நாள் விடுபடாத தனித் தேதி டேபிள் ஒன்றைக் காலண்டர் ஃபங்ஷனால் உருவாக்கி, ஸ்லைசரை அதிலிருந்து எடுத்தோம். பதிவுத் தேதிக்கு ஒரு ரிலேஷன்ஷிப் (டேபிள்களுக்கு இடையிலான இணைப்பு), முடிவுத் தேதிக்கு இன்னொன்று. இரண்டில் ஒன்றுதான் இயங்கும். மற்றது, இங்கே முடிவுத் தேதிக்கானது, புள்ளிக்கோடாகக் கிடக்கும். முடிந்தவற்றுக்கான மெஷரில் (தேர்வுக்கேற்பக் கணக்கிடும் சூத்திரம்), கால்குலேட் ஃபங்ஷனுக்குள் யூஸ்ரிலேஷன்ஷிப் ஃபங்ஷனைப் போட்டு அதை எழுப்ப வேண்டும்.

இங்கே வரிகளை எண்ணும் கவுண்ட்ரோஸ் வேண்டாம். மாதம் எதையும் தேர்வு செய்யாதபோது முடிவுத் தேதி காலியாக உள்ள வரிகளையும் அது எண்ணிவிடும். முடிவுத் தேதி நெடுவரிசைக்குக் கவுண்ட் போட்டால் காலியானவை தாமாகவே விலகும்.

அப்படியும் எண் குறைந்தால் நேரத்தைச் சந்தேகியுங்கள். பிற்பகல் 2.20 ஒட்டிக்கொண்டிருக்கும் தேதி, நள்ளிரவை மட்டுமே கொண்ட தேதி டேபிளோடு பொருந்தாது. ஃபார்மெட்டில் நேரத்தை மறைப்பது கண்துடைப்பு. பவர் க்வெரியில் (தரவை ஏற்றும் முன் திருத்தும் பகுதி) டேட்டா டைப்பையே தேதியாக மாற்ற வேண்டும்.

நிலுவைக்கு வழி வேறு. தேர்ந்த காலத்தின் கடைசி நாளை மேக்ஸ் மூலம் முதலில் ஒரு மாறியில் பிடித்துக்கொள்ளுங்கள். தேர்ந்த ஒற்றை மதிப்பைத் தரும் செலக்டட்வேல்யூ இங்கே உதவாது. இரண்டு மாதங்களைத் தேர்ந்தால் வெற்றாகத் திரும்பும். பிறகு ரிமூவ்ஃபில்டர்ஸால் தேதி டேபிளின் வடிகட்டலை நீக்கி, பதிவுத் தேதி அந்த நாளிலோ அதற்கு முன்போ உள்ள, முடிவுத் தேதி காலியான அல்லது அந்த நாளுக்குப் பிந்தைய வரிகளை எண்ணலாம். நீக்காவிட்டால் அந்த மாதம் வந்து முடியாதவை மட்டும் தெரியும், பழைய பாக்கி காணாமல் போகும். சரியாக அமைந்தால் நம் புகார் ஜனவரி நிலுவையில் 1, பிப்ரவரியில் இராது.

இந்தக் கணக்கைக் கால்குலேட்டட் நெடுவரிசையில் எழுதிப் பயனில்லை. டேட்டா ரெஃப்ரெஷ் ஆகும்போதே அதன் மதிப்பு உறைந்துவிடும். ஸ்லைசர் அதை அசைக்காது.

மாதப் பெயரை மட்டும் ஸ்லைசரில் வைத்தால் எல்லா ஆண்டுகளின் ஜனவரியும் ஒன்றாகக் கலக்கும். ஆண்டோடு சேர்த்து வையுங்கள். வரிசைப்படுத்த, 2024 ஜனவரிக்கு 202401 என்பது போன்ற எண் நெடுவரிசையைக் கொடுங்கள். இல்லையேல் ஆங்கில மாதப் பெயர்களில் ஏப்ரலை அடுத்து ஆகஸ்ட் வந்து நிற்கும்.

மாதவாரி டேபிளில் நிலுவையின் மொத்த வரி, மேலுள்ள எண்களின் கூட்டலாக வராது. கடைசி நாளின் நிலுவையையே காட்டும். பிழை என்று அறிக்கை திரும்பி வராமலிருக்க, அந்த நெடுவரிசைக்கு ‘மாத இறுதி நிலுவை’ என்றே தலைப்பு வைத்தோம்.